பக்கத்து அறை இருமல்

"எப்ப இருந்து?"

அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான். வாடகைக்கு வீடு தேடி வருகிறவர்களிடம் எந்த ஊர், எத்தனை பேர், என்ன வேலை என்று கேட்பார்கள். பாகலூரில் அதுவரை நாங்கள் ஏறி இறங்கிய வீடுகளில் எல்லாம் அப்படித்தான் கேட்டார்கள். இந்த அக்கா அதையெல்லாம் விட்டுவிட்டு, என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமியதை மட்டும் பிடித்துக்கொண்டாள். எப்போதிலிருந்து இருமல், சளி வருகிறதா, காலையில் அதிகமா, படுத்தால் அதிகமா என்று விசாரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. சீக்காளிகளுக்கு வீடு இல்லை என்று சொல்லத்தான் அடி போடுகிறாள் என்று நினைத்து, "பஸ்ல வந்த தூசிக்கா, வேற ஒண்ணும் இல்ல" என்று எங்கள் அருப்புக்கோட்டை வேகத்தில் வெட்டிப் பேசினேன். அவள் உள்ளே போய் வெந்நீரில் மிளகைத் தட்டிப் போட்டு ஒரு டம்ளர் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் குடித்து முடித்த பிறகுதான் வீட்டைத் திறந்து காட்டினாள்.

அந்த வீட்டின் பின்பக்கத்து இரண்டு அறைகளில் நாங்கள் பல வருஷம் இருந்தோம். என் வீட்டுக்காரருக்கு ஓசூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. நான் வீட்டிலேயே மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். முன்பக்கம் தெருவைப் பார்த்த அறையில் அக்காவின் மாமனார் இருந்தார். நடுவில் சமையலறை. அதை ஒட்டிய சின்ன அறையில் அக்காவும் அவளுடைய ஒரே மகளும். மகள் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அக்காவின் கணவர் கிருஷ்ணகிரி ஹைவேயில் பைக்கில் போகும்போது லாரி மோதி, நாங்கள் வருவதற்கு முன்பே இறந்திருந்தார். பெரியவரின் மூன்று மகன்களில் அவர் நடுவிலானவர்.

வீட்டுக்குள் அவர்கள் பேசுவது உருது. தெருவில் காய் விற்கிறவனிடம் கன்னடம், பால்காரம்மாவிடம் தெலுங்கு, என்னிடம் தமிழ். எந்தப் பாஷையில் பேசினாலும் அக்கா பாதியில் நிறுத்துவாள். கையை உயர்த்தி, உள்ளங்கையைக் காட்டி, என்னையும் நிறுத்தச் சொல்வாள். முன்னறையில் பெரியவர் இருமியிருப்பார். எனக்குக் கேட்டே இருக்காது. தெருவில் மற்ற பெண்கள் முக்காட்டை நெற்றிவரை இழுத்து விட்டிருப்பார்கள். இவள் வலது காதை மட்டும் வெளியே விட்டு, முக்காட்டை அதற்குப் பின்னால் செருகியிருப்பாள். மாவு பிசையும்போதும், மகளுக்குத் தலை பின்னும்போதும், தொழுது முடித்து உட்கார்ந்திருக்கும்போதும் அந்தக் காது முன்னறையிலேயே இருக்கும்.

பெரியவர் ஒரு காலத்தில் புளி வியாபாரம் செய்தவர். மரத்தில் காய் தொங்கும்போதே பார்த்து விலை பேசி, உலுக்கி, ஆள் வைத்து உடைத்து, மூட்டை கட்டிக் கிருஷ்ணகிரி மண்டிக்கு அனுப்புவார். அந்தத் தூசியும் பீடியும் சேர்ந்து நெஞ்சில் ஏதோ குடிவைத்துவிட்டன. ஓசூர்க் குளிர் அதைக் காலி பண்ண விடவில்லை. அக்கா அவருடைய இருமல்களுக்குப் பெயர் வைத்திருந்தாள். பீடி இருமல், பனி இருமல், கோப இருமல், டீ இருமல். கடைசியது பொய் இருமல். டீ வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்க அவருக்குக் கௌரவம் இடம் கொடுக்காது. அது பொய் என்று தெரிந்தும் அவள் எழுந்து போவாள். சித்திரை வெயிலிலும் அவர் தலையில் குரங்குத் தொப்பியை மாட்டி விடுவாள். "என்னைய உசுரோட ஊறுகா போடறா" என்று அவர் தெருவில் போகிற வருகிறவர்களிடம் எல்லாம் புகார் சொல்வார். தொப்பியை மட்டும் கழற்ற மாட்டார்.

தெருவே அவளைப் புகழ்ந்தது. பெற்ற மகள்கூட இப்படிப் பார்க்க மாட்டாள் என்றார்கள். பெருநாளைக்கு வரும் மூத்த மகனும் சின்ன மகனும், "இவங்க இருக்கறப்ப எங்களுக்கு என்ன கவலை" என்று சொல்லிவிட்டு பிரியாணி சாப்பிட்டுப் போவார்கள். மூத்தவருக்குப் பெங்களூரில் பழ வியாபாரம். சின்னவருக்கு ஓசூரில் கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் வேலை. நல்ல மனிதர்கள்தான். வரும்போதெல்லாம் எனக்கும் ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவருவார்கள்.

ஒருநாள் மாடியில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது நான் அவளைச் சீண்டினேன். "மாமனார் இருமுனா இப்படி ஓடுறீகளே. எங்க ஊர்ல மாமனார் இருமுனா நாங்க டிவி சத்தத்தக் கூட்டுவோம்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. மிளகாயைப் பரப்பிக்கொண்டே, யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னாள்.

"அப்பா உசுரோட இருக்கறப்ப மகன் போயிட்டா, அந்த மகனோட பிள்ளைக்குத் தாத்தா சொத்துல பங்கு இல்ல தங்கச்சி. மத்த மகனுங்க இருக்காங்க இல்ல, அவங்களுக்குத்தான் போவும். எங்க சட்டம் அப்பிடி. எங்க வூட்டுக்காரரு முந்திட்டாரு. அவரு பிந்தி இருந்தா இந்தக் கேள்வியே இல்ல."

அப்படியென்றால் இந்த வீடு என்று கேட்டேன்.

"இது நடுவுலவனுக்குன்னு மாமா சொல்லிட்டாரு. மூத்தவருக்குக் கடை வெச்சிக் குடுத்தாச்சி, சின்னவருக்கு நெலம் குடுத்தாச்சி. அவங்களும் சரின்னுட்டாங்க. ஆனா வாயால சொன்னா ஆவாது. உயில் எழுதுனா மூணுல ஒரு பங்குதான் செல்லும். ஒரு வூட்ல மூணுல ஒரு பங்குன்னா இன்னா, சமையக்கட்டா?"

வேறு வழி ஒன்று இருந்தது. உயிரோடும் திடமாகவும் இருக்கும்போது தன் கையாலேயே கொடுத்துவிட வேண்டும். ஹிபா என்பார்கள். கொடுத்தேன் என்று சாட்சிகள் முன் சொல்லி, வாங்கிக்கொண்டேன் என்று இவள் சொல்லி, பொருள் இவள் கைக்கு மாறிவிட வேண்டும். பத்திரம்கூடக் கட்டாயம் இல்லையாம். ஆனால் சாவு நோயில் படுத்துக்கொண்டு கொடுத்தால் அதுவும் உயில் கணக்கில்தான் போய்ச் சேருமாம். இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கையை உயர்த்தினாள். கீழே இருமல். மிளகாயை அப்படியே விட்டுவிட்டுப் படி இறங்கிப் போனாள். கீழிருந்து அவள் குரல் கேட்டது. உருதுவில்தான் கேட்டாள், எனக்கும் புரிந்தது. எப்ப இருந்து?

அதற்குப் பிறகு அந்த இருமல் எனக்கும் கேட்கத் தொடங்கியது. ஜாக்கெட் தைத்துக்கொண்டே இருப்பேன், கால் தானாக நின்றுவிடும். இது பனியா, பீடியா, அல்லது அந்தச் சாவு நோயா என்று காதைத் தீட்டுவேன். எனக்கு அந்த வீட்டில் ஒரு செங்கல் உரிமை கிடையாது. அப்படியிருந்தும் எனக்கே இப்படி என்றால், அந்த மகளை வைத்துக்கொண்டு அவள் எப்படிச் சோறு தின்றாள் என்று நினைப்பேன்.

அதோடு மனசில் ஒரு நெருடலும் புகுந்தது, மறைப்பானேன். இத்தனை நாள் பாசம் என்று நான் நினைத்து மெச்சியது பாசம்தானா? தொப்பியும் மிளகு வெந்நீரும் பெரியவருக்கா, வீட்டுக்கா? அவர் நெஞ்சில் அவள் தைலம் தேய்த்துவிடுவதைப் பார்க்கும்போது, பாலுக்குக் காவல் பூனையா என்று ஒரு குறுக்குப் புத்தி எட்டிப் பார்க்கும். என் வாய் சும்மா இருக்காதே. கேட்டே விட்டேன். அவளுக்குக் கோபம் வரவில்லை. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "எனக்கே தெரியல தங்கச்சி. பாசமும் பயமும் ஒரே எடத்துலதான் கெடந்து அடிச்சிக்குது. எது எதுன்னு பிரிச்சிப் பாக்க நேரம் இல்ல" என்றாள்.

பெரியவர் கொடுக்க மாட்டேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. புளி சீசன் முடியட்டும் என்றார். அவர் வியாபாரத்தை விட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது, சீசன் மட்டும் அவருக்கு முடியவே இல்லை. பிறகு ரம்ஜான் போகட்டும் என்றார். பிறகு பக்ரீத். உண்மையில் அவரைத் தடுத்தது வேறு. பள்ளிவாசல் ஹஜ்ரத் ஒருமுறை வீட்டுக்கு வந்து முறையை விளக்கியிருந்தார். ஒருவர் தான் குடியிருக்கும் வீட்டையே கொடுப்பதென்றால், தன் சாமான்களோடு வெளியே வந்து, கதவைப் பூட்டி, சாவியை வாங்குகிறவர் கையில் கொடுத்துவிட வேண்டும். பிறகு வீட்டுக்கு உரியவர் கதவைத் திறந்து, வாருங்கள் என்று கூப்பிட்டால் விருந்தாளியாக உள்ளே வரலாம். அப்போதுதான் கொடுத்தது கொடுத்ததாகும், நாளைக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது என்றார்.

பெரியவருக்கு அது பொறுக்கவில்லை. "நான் கட்டுன வூட்டுக்கு முன்னாடி நானே மூட்டையோட ரோட்ல நிக்கணுமா? பாக்கறவன் இன்னா சொல்லுவான்? மருமவ தொரத்திட்டான்னு சொல்ல மாட்டான்?" என்று என்னிடம் நியாயம் கேட்டார். ஒரு பொழுதுதானே, விருந்தாளிக்கு உபசாரம் தடபுடலாக இருக்கும் என்றேன். "எனக்கு விருந்து யாரு போடுவா, இவதானே? இப்பவும் இவதானே போடறா?" என்றார். அவர் இடுப்பில் எப்போதும் அகலமான பச்சை பெல்ட் இருக்கும். அதன் பையில் வாசல் சாவி. பேசும்போதெல்லாம் அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

இதற்கிடையில் ஊர் மாறிக்கொண்டிருந்தது. பாகலூர் ரோட்டில் கொத்தமல்லி விதைத்திருந்த நிலங்களில் கலர் கலராய்க் கல் நட்டார்கள். கம்பெனிப் பஸ்கள் எங்கள் தெரு முனையிலேயே நின்று ஆளேற்றத் தொடங்கின. ரோடு அகலமாகப் போகிறது, இந்தப் பக்கம் இன்னொரு கம்பெனி வருகிறது என்று டீக்கடையில் தினம் ஒரு சேதி. கேட்டால் சந்தோஷப்பட வேண்டிய சேதிகள்தான். அக்கா ஒவ்வொன்றுக்கும் முகம் வெளிறினாள். வீட்டு விலை ஏற ஏற, சரி என்று சொன்ன மைத்துனர்களின் சரி தேய்ந்துகொண்டே போகும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஒரு ஆடி மாசத்து வெள்ளிக்கிழமை பெரியவர் இறங்கி வந்தார். காலையில் எழுந்ததும் தானாகவே, இன்று முடித்துவிடலாம் என்றாராம். ஜும்மா தொழுகை முடிந்து ஹஜ்ரத், பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கும் முத்தவல்லி, இரண்டு மகன்கள், தெருவில் பெரிய மனிதர்கள் இரண்டு பேர் வந்தார்கள். பெரியவர் நடுக்கூடத்தில் நின்று, இந்த வீட்டை என் நடு மகனின் மனைவிக்குக் கொடுத்தேன் என்று சொன்னார். அக்கா சமையலறை வாசலில் நின்று, ஏற்றுக்கொண்டேன் என்றாள். குரல் வெளியே வரவில்லை. ஹஜ்ரத் இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்.

பிறகு சாமான்கள். பெரியவரின் கட்டில், டிரங்குப் பெட்டி, புளி நிறுத்த பழைய தராசு எல்லாவற்றையும் மகன்கள் வெளியே கொண்டுபோய்த் தெருவோரம் வைத்தார்கள். நானும் இரண்டு தலையணையைத் தூக்கிக்கொண்டு போனேன். நாங்கள் எல்லாரும் வெளியே வந்து நின்றோம். பெரியவர் கடைசியாக வந்தார். குரங்குத் தொப்பி, மேலே கோட்டு, முகத்தில் ஏதோ கல்யாணத்துக்குப் போகிற களை. கதவைச் சாத்தினார். சாவிக்காக பெல்ட்டில் கை வைத்தார்.

அந்த நேரம் பார்த்துத் தூறல் போட்டது. ஆடிக் காற்று ஆளைத் தள்ளியது. தெருவில் ஒரு டிப்பர் லாரி எம்சாண்டை இறைத்துக்கொண்டு போனது. பெரியவர் இருமினார். முதலில் சாதாரணமாகத்தான் இருந்தது. பிறகு நிற்கவில்லை. ஒரு கை சுவரில், ஒரு கை பெல்ட்டில், உடம்பு இரண்டாய் மடிந்தது. கொஞ்சம் பொறும்மா, சாவியைக் கொடுத்துவிடட்டும் என்று முத்தவல்லி சொன்னது என் காதில் விழுந்தது. அவள் காதிலும் விழுந்திருக்கும், அவள் காதுக்கு என்ன குறை. ஆனால் அதற்குள் அவள் போய்விட்டாள். கதவை முழங்கையால் தள்ளித் திறந்து, அவரை இடுப்போடு அணைத்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். கட்டில் வெளியே நனைந்துகொண்டிருந்ததால் தரையிலேயே உட்கார வைத்து, முதுகைத் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டு, வெந்நீர் கொண்டா என்று மகளைக் கூப்பிட்டாள்.

மகன்கள் நனைகிறதே என்று சாமான்களை மறுபடி உள்ளே எடுத்துப் போட்டார்கள். நானும் தலையணைகளைக் கொண்டுபோய் வைத்தேன். இருமல் அடங்கிய பிறகு ஹஜ்ரத் தாடியைத் தடவிக்கொண்டு, பெரியவர் தேறட்டும், மீதியை இன்னொரு நாள் முடித்துக்கொள்ளலாம் என்றார். பெரியவர், "குடுத்தாச்சி இல்ல, இன்னும் இன்னா மீதி?" என்றார். எல்லாரும் சிரித்து, லட்டு சாப்பிட்டுப் போனார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதன் பிறகுதான் எனக்குப் புரியாத ஒன்று நடந்தது. அதுவரை தள்ளிப்போட்டவர் பெரியவர். இப்போது அக்கா தள்ளிப்போட்டாள். ஆவணியில் மழை என்றாள். ஐப்பசியில் ஈரக்காற்று என்றாள். நடுவில் ஒருநாள் பளிச்சென்று வெயில் அடித்தது. பெரியவர் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்று, "இன்னிக்கி முடிச்சிடலாமா?" என்று அவராகவே கேட்டார். அவள் வாசலில் போய் நின்று வானத்தைப் பார்த்தாள், காற்றைப் பார்த்தாள், வேண்டாம் மாமா என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உங்களுக்குப் பைத்தியமா, சாவியையாவது வாங்கி உள்ளே வையுங்கள் என்று கத்தினேன். "அத தொட்டுப் பாத்துக்கிட்டுத்தான் தூங்கறாரு தங்கச்சி. வாங்கிட்டா தூக்கம் போயிடும். பனி போவட்டும். வெயில் நல்லா ஏறட்டும். மொறையா செஞ்சிக்கலாம்" என்றாள். எல்லாவற்றுக்கும் பயந்தவள், பயப்பட வேண்டிய ஒன்றுக்கு மட்டும் பயப்படவில்லை.

மார்கழியில் ஒரு காலை, பெரியவர் டீ கேட்டு இருமவில்லை. அக்கா அடுப்படியில் காதைக் கொடுத்தபடி நின்றாள். பால் பொங்கி வழிந்தது. நான் ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். அவள் என்னைப் பார்த்து, "சத்தமே வரல" என்றாள். முன்னறைக்குப் போக அவளுக்குக் கால் வரவில்லை. நான்தான் போய்ப் பார்த்தேன்.

குளிப்பாட்டும்போது மகன்கள் பெல்ட்டைக் கழற்றினார்கள். பையிலிருந்த சாவியை மூத்தவர் எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அப்போது அதில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை என்றே இன்றும் நினைக்கிறேன். கையில் கிடைத்ததைப் பத்திரப்படுத்தினார். நாற்பதாம் நாள் பாத்திஹா முடியும்வரை யாரும் எதுவும் பேசவில்லை. அதற்குப் பிறகு சின்னவர் பேசினார். அப்பா கொடுக்க நினைத்தார், அது உண்மை, ஆனால் கொடுக்கவில்லை என்றார். மூத்தவருக்குக் கல்யாணத்துக்கு மூன்று பெண்கள் இருந்தார்கள். அவர் தம்பியைத் தடுக்கவில்லை. விஷயம் ஜமாத்துக்குப் போனது.

பள்ளிவாசலை ஒட்டிய மதரசா அறையில் கூட்டம். பெண்கள் பக்கம் ஒரு திரை. அக்காவோடு நானும் போய்த் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். ஹஜ்ரத் எல்லாரிடமும் கேட்டார். கொடுத்தேன் என்றது உண்மையா, உண்மை. ஏற்றுக்கொண்டேன் என்றது உண்மையா, உண்மை. சாமான் வெளியே போனதா, போனது, திரும்பியும் வந்தது. கடைசியில் திரையைப் பார்த்துக் கேட்டார். அந்த மனிதர் ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் கேட்டார், அது எனக்கே தெரிந்தது.

"அம்மா, அந்தச் சாவி ஒரே ஒரு தடவையாவது, சும்மா ஒரு நிமிஷத்துக்காவது, உங்க கைக்கு வந்துச்சா? அவசரம் இல்ல, நல்லா யோசிச்சிச் சொல்லுங்க."

வந்தது என்று சொன்னால் போதும். இருமலில் தடுமாறியவரைத் தாங்கிப் பிடித்தபோது சாவி யார் கையில் இருந்தது என்று யார் பார்த்தார்கள்? நான் அவள் தொடையைக் கிள்ளினேன். சொல்லுங்கள் என்று உதட்டை அசைத்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"இல்லீங்க ஹஜ்ரத். அவரு இடுப்புலயே இருந்திச்சி."

"ஏம்மா வாங்கல? பக்கத்துலதானே இருந்தீங்க?"

"அவரு இருமிக்கிட்டு இருந்தாரு. சாவி கேக்கற நேரமாங்க அது?"

திரைக்கு அந்தப் பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். மூத்தவராக இருக்கும். ஹஜ்ரத், கைமாறாததால் ஹிபா முழுமையாகவில்லை என்றார். பங்கு பிரிக்கும் இடத்தில் அனாதைப் பிள்ளை நின்றால் வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பதும் அல்லாஹ்வின் சொல்தான் என்று மகன்களைப் பார்த்துக் கடுமையாகவே சொன்னார். மகளின் படிப்பு முடியும்வரை அங்கேயே இருக்கலாம் என்று மூத்தவர் சொன்னார். சொன்னபடி இருக்கவும் விட்டார். பிறகு விற்றார்கள். இப்போது அந்த இடத்தில் கம்பெனிப் பையன்கள் தங்கும் நாலு மாடிக் கட்டடம் நிற்கிறது.

நான் சும்மா இருக்கவில்லை. ஓசூரில் ஒரு வக்கீலிடம் அவளை இழுத்துக்கொண்டு போனேன். ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்தவர்கள் விஷயத்தில் கோர்ட் இவ்வளவு கறாராகப் பார்க்காது, கொடுக்கும் எண்ணம் தெளிவாக இருந்தால் போதும், போராடிப் பார்க்கலாம் என்றார் அவர். வெளியே வந்ததும் அவள் பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தாள். நாளைக்குத் தன் மகள் நிக்காஹ்வில் பெண் பக்கம் பொறுப்பாக நிற்க வேண்டியது பெரியப்பாவும் சித்தப்பாவும்தான், தகப்பனும் தாத்தாவும் இல்லாத பெண்ணுக்கு வேறு யார் இருக்கிறார்கள், அவர்களைக் கூண்டில் ஏற்றிவிட்டு அன்றைக்கு எந்த முகத்தோடு கூப்பிடுவது என்றாள். எனக்கு அழுகையாக வந்தது. அவளுக்கு வரவில்லை. டவுன் பஸ்ஸில் ஜன்னலைச் சாத்திவிடு, காற்று உனக்கு ஆகாது என்றாள்.

பெரியவரின் பொருள்களைப் பிரித்தபோது அவள் அவருடைய பழைய ஸ்வெட்டர் ஒன்றை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள். பாகலூர்ப் பக்கம் ரோஜாப்பூ கட்டி வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு இடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். பூ வாடாமல் இருக்க அந்த அறையைக் குளிராக வைத்திருப்பார்கள். குளிர் என்றாலே பதறியவள், அந்த ஆம்பளை ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நாளெல்லாம் அங்கே நிற்கிறாள். என் வீட்டுக்காரர் வேறு கம்பெனிக்கு மாறியதால் நாங்கள் கிருஷ்ணகிரிக்கு வந்துவிட்டோம். எங்கள் வீட்டில் யாராவது செருமினால் இன்னும் என் மெஷின் நின்றுவிடுகிறது.

போன வாரம் அவள் வேலை இடத்திலிருந்து போன் செய்தாள். மகளுக்கு நிக்காஹ் முடிவாகியிருக்கிறது, பையன் கெலமங்கலம், பெரியப்பாவே முன்னால் நின்று பேசி முடித்தார், தேதி வைத்ததும் சொல்கிறேன், நீ முதல் நாளே வந்துவிட வேண்டும் என்றாள். அவள் குரலில் இத்தனை சந்தோஷத்தை நான் கேட்டதே இல்லை. மாப்பிள்ளை வீட்டில் எத்தனை பேர், என்ன சேலை எடுக்கலாம் என்று அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனாள். நடுவில் எனக்கு இருமல் வந்தது. போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டுதான் இருமினேன்.

அந்தப் பக்கம் பேச்சு நின்றுபோனது. பூக்கட்டுகளுக்கு நடுவில் அவள் கை உயர்ந்திருக்கும், முக்காடு காதுக்குப் பின்னால் போயிருக்கும். என்னிடம் அவளுக்கு எழுதிக் கொடுக்க வீடும் இல்லை, வாசலும் இல்லை. நாங்களே வாடகை வீட்டில்தான் இருக்கிறோம்.

"எப்ப இருந்து?" என்றாள்.

"முந்தாநேத்துல இருந்துக்கா" என்றேன்.